டார்ப்லி வீட்டு விற்பனைப் பலகைகள்

அமெரிக்கக் கால்பந்தில் கால்வெர்ட் கல்லூரியிடம் எங்கள் ஊர்க் கல்லூரியின் நாரைகள் அணி நாற்பத்தெட்டுக்குப் பத்து என்று தோற்ற மறுநாள், தடுப்பாட்டப் பயிற்சியாளர் வெண்டல் டார்ப்லியின் வீட்டு முன்புல்லில் ஊரார் நட்டுவிட்டுப் போன 'வீடு விற்பனைக்கு' பலகைகள் நாற்பத்தொன்றும் வேர் விட்டன. ஞாயிறு மத்தியானம் நட்டார்கள். திங்கள் காலை பிடுங்கிப் பார்த்தபோது வரவில்லை. டெல்மர் பிக்கெட் தன் டயர் கடை இழுவை வண்டியைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி இழுத்தார், சங்கிலிதான் அறுந்தது. அன்றைக்கு டீசல் விலை ஏறியிருந்தது, நிலக்கடலை விலை இறங்கியிருந்தது. ஹாலோவே ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு, அடுத்த தடுப்பாட்டப் பயிற்சியாளர் யார் என்ற பேச்சுக்குப் போய்விட்டது.

பலகை நடுவது அலபாமாவின் இந்த மூலையில் நெடுநாள் வழக்கம். முட்டைப் பந்தை எவன் ஒழுங்காகத் தடுக்கக் கற்றுக்கொடுக்கவில்லையோ அவன் வீட்டு வாசலில், தேவாலயம் முடிந்த கையோடு, கழுத்துப் பட்டியைக்கூடத் தளர்த்தாமல் போய் விற்பனைப் பலகை நடுவார்கள். மூட்டை கட்டு என்று அர்த்தம். வீட்டுத் தரகர் ஒருத்தி தன் பழைய பலகைகளை இலவசமாகவே கொடுப்பாள். அவளுடைய தொலைபேசி எண் ஊரெல்லாம் தெரியுமே. கால்களுக்கு மரக்கடையில் வாங்கிய காய்ந்த பைன் கட்டை. அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பலகையை அடித்தவர் டெல்மர். அவர் சுத்தியலை ஓங்கியபோது நோரீன் டார்ப்லி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"டெல்மர், அந்தச் செடிய மிதிச்சுடாதப்பா. அது பீக்கன் கன்னு."

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். எங்கள் ஊரில் பெண்களிடம் தொப்பியோடு பேசுகிற பழக்கம் இல்லை. "மன்னிச்சுக்கோங்க மேம். ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. மூணாவது முயற்சியில பதினெட்டு கஜம் முன்னேறணும்னு தவிச்சுகிட்டு நிக்கறான் கால்வெர்ட்காரன். அவனுக்குப் போயி இருபத்திரண்டு கஜத்தத் தாம்பாளத்துல வச்சுக் குடுத்தாரே ஒங்க வீட்டுக்காரரு, அதத்தான் ஜீரணிக்க முடியல."

"எனக்கும்தான் முடியல. கொஞ்சம் தள்ளி நடு" என்றாள் நோரீன். டெல்மர் ஒரு சாண் தள்ளி நட்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்தவருக்குச் சுத்தியலைக் கொடுத்தார்.

ஒரு சாண் அளவுக்காக அந்த அம்மாள் ஏன் வெளியே வந்தாள் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் குடியிருந்த பதினோராவது வீடு அது. பயிற்சியாளரின் மனைவிக்கு வீடு என்பது அடுத்த தோல்வி வரைக்கும்தான். போன ஊரிலெல்லாம் அவள் முதல் வேலையாக ஒரு பீக்கன் கன்று வைத்தாள். பீக்கன் காய்க்க ஏழு வருஷமாகும். எந்த ஊரிலும் அவளை நாலு வருஷத்துக்கு மேல் விட்டுவைக்கவில்லை. ஒக்லஹோமாவிலும் கென்டக்கியிலும் டென்னஸியிலும் அவள் வைத்த மரங்களின் கொட்டையை வேறு யாரோ உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். 'கண்ணாடி, ஜாக்கிரதை' என்று எழுதிய ஒரு பெட்டியைப் பதினாலு வருஷமாக அவள் பிரிக்கவே இல்லை, எப்படியும் மறுபடி கட்டத்தானே வேண்டும் என்று. ஹாலோவேயில் அவளுக்கு அது மூன்றாவது வருஷம். கன்று இடுப்புயரம் வந்திருந்தது. இந்த ஒரு மரத்தையாவது காய்க்கப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். டார்ப்லியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டதாகத் திங்கள் பத்து மணிக்குக் கல்லூரி அறிவித்தது.

பயிற்சியாளர் மாறும் வாரத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாது. காலில் வெந்நீர் கொட்டினது போல அலைவார்கள். முடிதிருத்துபவர் பாதித் தலையோடு ஆளை உட்காரவைத்துவிட்டு வானொலி கேட்கப் போவார். போதகர் ஜெபத்தைச் சுருக்குவார். நல்லாயிருக்கிற டயரைக் காற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பத்துப் பேர் டெல்மர் கடைக்கு வந்து, ஆறு நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். எதிர்ச்சாரியில் டார்ப்லி வீட்டுப் பலகைகள் புதன்கிழமைக்குள் துளிர் விட்டதை அந்த நாற்காலிகளில் இருந்தபடியே பார்த்தார்கள். நவம்பர் கடைசியில் துளிர்.

"டெக்ஸஸ்காரன்தான் வரப்போறான். எழுதி வச்சுக்கோ" என்றார் டெல்மர்.

"போன வாட்டியும் எழுதித்தான் வச்சோம். வந்தது யாரு? டார்ப்லி" என்றார் ஓடெல் க்ரியர். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"தலைமைக் கோச்சையே தூக்கணும்யா. வால நறுக்கி என்ன பிரயோஜனம்?" என்றது ஒரு குரல்.

"அவர ரெண்டு வருஷம் விட்டுவைங்கன்னு கெஞ்சினது யாரு? அவரு சம்சாரம் சுட்ட பீச் பழப் பணியாரத்த முழுங்கிட்டு நீதானடா கெஞ்சின?" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஓடெல் கையை உயர்த்தினார். அவருடைய திறமை வேறு. எந்தத் தனியார் விமானம் எங்கே கிளம்பி எங்கே இறங்குகிறது என்பதைக் கைப்பேசியில் எண் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். கல்லூரி வாயைத் திறக்காது. விமானம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. "லப்பக்லேருந்து ஒரு சின்ன பிளேன் கெளம்பிருச்சு. டெக்ஸஸ். நேரா நம்ம ஊருதான். ஒரே ஒரு ஆளு."

டெல்மர் கடையைப் பூட்டக்கூட நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மாவட்ட ஓடுதளத்தில் ஐந்நூறு பேர் கூடிவிட்டார்கள். கல்லூரி மேளக்காரர்கள் வந்தார்கள், அவித்த கடலை விற்பவன் வந்தான், குழந்தைகள் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு வந்தன. விமானத்திலிருந்து ஒல்லியாக ஒரு மனிதர் இறங்கினார். காலணியில் மண், கையில் ஒரு பை. பெயர் லீலண்ட் வோஸ். கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி விமானத்தில் ஏறப் பார்த்தார், டெல்மர் விடவில்லை.

"நான் மரம் பாக்க வந்தவங்க" என்றார் வோஸ்.

ஓடெல் கண்ணடித்தார். "வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. நாங்களும் கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம் கோச்."

அவர் தலையில் நீலத் தொப்பியை வைத்து, டெல்மரின் சரக்கு வண்டியின் பின்னால் நிற்கவைத்து, மேளத்தோடு ஊரைச் சுற்றினார்கள். வானொலிக்காரன் புதுப் பயிற்சியாளர் வந்துவிட்டார் என்று அறிவித்தே விட்டான். காலியாகப் போகிற வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடட்டுமே என்று ஊர்வலத்தை டார்ப்லி வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். வோஸ் குதித்து இறங்கினார். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். பலகைகளுக்கு நடுவே குனிந்து போய், மண்டியிட்டு, தரையில் காது வைத்துக் கேட்டார். மண்ணை மதிக்கிற ஆள் என்று கூட்டம் மெச்சிக்கொண்டது. மேளச் சத்தம் கேட்டு நோரீன் கதவைத் திறந்தாள். பலகைகளை அப்புறப்படுத்த வழியுண்டா என்று பார்க்கக் கல்லூரி வரவழைத்த மர வைத்தியர்தான் வோஸ் என்பது, அங்கிருந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"வேரு வீட்டுக்கு அடியில போயி, அந்தப் பக்கமா வெளிய வந்து, ஒண்ணையொண்ணு புடிச்சுகிட்டு நிக்குதும்மா. மரத்த எடுத்தா வீடும் கூடவே வந்துடும். இனிமே இந்த வீட்ட யாருக்கும் விக்க முடியாது" என்றார் வோஸ்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள் நோரீன்.

அவர் இன்னொரு தரம் சொன்னார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழவும் செய்தாள். எதற்கென்று புரியாமல் மேளக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்ப நம்ம தடுப்பாட்டம், கோச்?" என்று டெல்மர் கேட்டார்.

"எனக்கு வெளையாட்டு பாக்கற பழக்கமே இல்லீங்க" என்றார் வோஸ். ஓடெல் ஒரு மாதம் கைப்பேசியைத் தொடவில்லை.

வெண்டலுக்கு அதற்குள் கன்ஸாஸில் வேலை கிடைத்துவிட்டது. சாமான் ஏற்ற வண்டி வந்தபோது மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழையும் இடம்தான் இருந்தது. அலமாரி வரவில்லை, கட்டில் வரவில்லை. வண்டிக்காரர்கள் இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

"விக்கலன்னா போகட்டும். பூட்டிட்டு வா" என்றார் வெண்டல்.

"பூட்டறதுக்கு வேற ஆளப் பாரு. நான் வரல வெண்டல்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவர் இரண்டு பெட்டிகளோடு பக்கவாட்டில் திரும்பி வெளியே போனார். அன்று சாயங்காலம் அவள் கண்ணாடிப் பெட்டியைப் பிரித்தாள். ஆறு கோப்பைகள் உடைந்திருந்தன. எந்த ஊரில் உடைந்தவை என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகான வருஷங்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பதைத் தவிர. கன்ஸாஸ் வெண்டலை மூன்று வருஷத்தில் அனுப்பியது, யூட்டாவும் மூன்று வருஷத்தில், ஒஹையோ முதல் பருவத்தின் பாதியிலேயே. ஹாலோவேயில் நாலு தடுப்பாட்டப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். தலைமைப் பயிற்சியாளரை ஒருமுறை, மைதானத்தில் பாதி ஆட்டத்திலேயே, ஒலிபெருக்கியில் அறிவித்து அனுப்பினார்கள். டெல்மர் ஒவ்வொருவருக்கும் பலகை நட்டார். அந்தப் பலகைகளெல்லாம் வெறும் பலகைகளாகவே நின்று மழையில் உளுத்தன. டார்ப்லி வீட்டு மரங்கள் மட்டும் வளர்ந்தன. மரம் வளர்ந்தால் அதில் அடித்த பலகை மேலே போகாது என்று கல்லூரித் தாவரவியல்காரர் விளக்கினார், பலகைகள் போயின. பதினைந்தடி உயரத்தில் நாற்பத்தொரு 'விற்பனைக்கு' பலகைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. தரகருக்கு இன்றைக்கும் தொலைபேசி வருகிறது. நிழல் அடர்ந்துபோய் நோரீனின் கன்று இரண்டாம் வருஷமே கருகிவிட்டது. அன்றைக்கு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தான் தள்ளி நட்ட ஒரு சாண் போதவில்லையோ என்று டெல்மர் நினைத்தார். ஒரு வாரம் கடையிலிருந்து எதிர்ச்சாரியைப் பார்க்காமலேயே இருந்தார்.

ஏழாம் வருஷம் அக்டோபரில் மரங்கள் காய்த்தன. பைன் கட்டையில் பீக்கன் எப்படிக் காய்க்கும் என்று இரண்டு நாள் பேசினார்கள். அப்புறம் கூடை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் கொட்டையை, டெல்மர் நட்ட மரத்தின் கீழே நின்று, நோரீன் உடைத்தாள். நல்ல ருசி என்று சொன்னாள். ஒஹையோவிலிருந்து வந்திறங்கிய வெண்டல், பெட்டிகளைக் கீழே வைக்காமலேயே நாலு கொட்டை தின்றார். அந்தக் குளிர்காலம் நாரைகளுக்கு மறுபடி தடுப்பாட்டப் பயிற்சியாளர் தேவைப்பட்டார். டயர் கடையில் பதினோரு பெயர்கள் அடிபட்டன. எந்த விமானமும் வரவில்லை. புதியவர் சாலையைக் கடந்து நடந்துதான் வேலைக்குப் போனார்: வெண்டல் டார்ப்லி.

மறு நவம்பரில் கால்வெர்ட்டிடம் நாற்பத்தொன்றுக்கு ஏழு என்று தோற்றோம். மூன்றாவது முயற்சி, பதினாறு கஜம் தேவை, இருபது கஜம் கொடுத்தோம். ஞாயிறு மத்தியானம் டெல்மர் கழுத்துப் பட்டியோடு, பலகையும் சுத்தியலுமாக, பக்கவாட்டில் திரும்பி மரங்களுக்குள் நுழைந்தார். முற்றத்தில் பலகை நட இடமே இல்லை. பழைய கன்று இருந்த இடம் மட்டும் ஒரு முழம் வெறுமையாக இருந்தது. அங்கே போய் நின்றார். சுத்தியலை ஓங்க மனம் வரவில்லை. நோரீன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மேம், நான் வந்து..."

"அத எங்கிட்ட குடு."

அவள் பலகையை வாங்கி, கன்று இருந்த இடத்தில் நேராக நிறுத்தி, ஒன்பது அடி அடித்தாள். எழுத்து தெருவைப் பார்க்கிறதா என்று எட்டிப் பார்த்துத் திருப்பி வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"இது காய்க்க ஏழு வருஷம் ஆகுமே மேம்" என்றார் டெல்மர்.

"ஆகட்டும். நான் எங்க போகப் போறேன்?"

திங்கள் காலை அது வேர் விட்டிருந்தது. அன்றைக்கு டீசல் விலையில் மாற்றமில்லை.