இஸ்திரி நறுக்கிய வயர்கள்

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரியைப் பற்றிப் பேசாமல் ஒரு வாரம் கழிந்தால், அந்த வாரம் எங்களில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு நாள் தோளில் பாஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு படியேறி வந்தாள். நாலே நாலு தந்தி. ஒவ்வொன்றும் கொடிக்கயிறு கனம்.

"இதுல பாட்டு வருமா?" என்று முதல் மாடிக்காரி கேட்டாள்.

"பாட்டுக்குக் கீழ வரும்," என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போய்விட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு 'டும்டும்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவள் கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. துணிக்கடையில் கண்ணாடி அலமாரி அடுக்குகிற மனிதர். குப்பை கொட்டப் போகும்போதுகூடச் சட்டையில் மடிப்புக் கலையாது. காலி பிளாஸ்டிக் பைகளை முக்கோணமாக மடித்து இழுப்பறையில் வைப்பவர். நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் நோஞ்சான் சுவர். ஆகவே நான் சொல்வதெல்லாம் நேரில் பார்த்தது, அல்லது சுவர் வழியாகக் கேட்டது. கற்பனை செய்ய எனக்கு நேரம் கிடையாது.

வம்பு ஆரம்பித்தது டிப்போ இசைக்குழுவில். டும்டும்மின் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் இரண்டு பிக்கப் உண்டு. காந்தத்தின்மேல் கம்பி சுற்றிய சின்னப் பட்டைகள்; தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அவைதான். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும். அதில் ஒன்று செத்துப்போனது. தனியாக மாட்டிக்கொண்ட இன்னொன்று, தகர டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி விடாமல் இரைந்தது. ஒத்திகையில் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அவர் டிப்போவில் மெக்கானிக், குழுவுக்குத் தலைவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

"சனிக்கிழமை ஆண்டு விழாவுல இந்த வண்டு வந்துச்சுன்னா, பாஸை கீபோர்டு தம்பியோட இடது கை பாத்துக்கும். நீங்க முன் வரிசையில உக்காந்து கை தட்டுங்கம்மா."

இதை அவளே படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னாள். "இடது கையாம்க்கா! அஞ்சு வருஷமா விரல் தோல் உரிய உரியக் கத்துக்கிட்டது, ஒருத்தனோட இடது கைக்குச் சமமாம்!"

ஒரு ஜோடி புது பிக்கப் வாங்கி வந்தாள். பழுது பார்க்கும் கடையில் புதன்கிழமைதான் தர முடியும் என்றார்கள். விழா அதற்கு முந்தின சனிக்கிழமை. டிப்போ எலக்ட்ரீஷியனிடம் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னை இரவல் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் தானே உட்கார்ந்துவிட்டாள்.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் உள்ளே போனேன். அது என் கிண்ணம்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, கிட்டாரை மல்லாத்திப் போட்டிருந்தாள். தந்திகள் தளர்ந்து தொங்கின. பழைய பிக்கப் இரண்டும் குழியை விட்டு வெளியே வந்திருந்தன; அவற்றின் வயர்கள், மரத்துக்குள்ளே துளைத்த ஒரு பொந்து வழியாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் இருக்கும் அறைக்குப் போயின. புது வயரை அந்தப் பொந்தில் நுழைக்கப் பார்த்தால், அது பாதியிலேயே மடங்கி நின்றது.

"வேலை முடிஞ்ச மாதிரிதான்," என்றேன்.

"அக்கா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. இல்லன்னா யோசனை சொல்லுங்க."

"பைஜாமாவுக்கு நாடா எப்படிக் கோப்பே? பழசை உருவும்போதே புதுசை அது வாலுல கட்டி இழு."

பழைய வயரின் நுனியில் நூலைக் கட்டி உருவினாள். அந்த நூலில் புது வயரைக் கட்டி மறுபடி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. நூலின் மறுமுனையைப் பிடித்தது நான். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து டிரம்ஸ்காரரின் போன். வருகிறாளா இல்லையா என்று விசாரணை. அவள் பால்கனிக்குப் போய் அவரோடு மல்லுக்கு நின்றாள். இங்கே, அதுவரை சுவரோரம் நின்ற இஸ்திரி, மேசையில் நீட்டிக்கொண்டிருந்த வயர்களைப் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. மனிதருக்கு அது பொறுக்கவில்லை. நாலையும் ஒரே அளவாக நறுக்கினார். பிக்கப்போடு வந்த, சூடு காட்டினால் சுருங்கும் கறுப்பு உறையை நாலுக்கும் மாட்டி, ஹேர் டிரையரைக் காட்டிச் சுருக்கினார். நகம் நுழையாத இறுக்கம்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். "ஏங்க, ஒவ்வொரு பிக்கப்லயும் ஒரு வெள்ளை வயர் இருந்துச்சே?"

"இப்ப எல்லாம் ஒரே கலர். கண்ணுக்கு எவ்வளவு அடக்கமா இருக்கு பாரு."

"எது எங்க போகணும்னு அந்தக் கலர்தாங்க சொல்லும்! இது என்ன உங்க கடை அலமாரியா?"

உறையை பிளேடால் கீறப் பார்த்தாள். வயரே வெட்டுப்படும் போலிருந்தது. வயர் இன்னும் கொஞ்சம் குறைந்தால் எட்டாது. கடிகாரத்தைப் பார்த்தாள். குத்துமதிப்பாக ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் ஈயம் வைத்து ஒட்டினாள். தந்தியை முறுக்கினாள். என் வீட்டில் அடுப்பில் பால் இருந்தது நினைவுக்கு வர, நான் ஓடினேன்.

சுவர் வழியாகக் கேட்டேன். "முன் பிக்கப் மட்டும்," என்று சொல்லி, திருகைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினாள். என் அலமாரி டம்ளர்கள் எல்லாம் கிடுகிடுத்தன. "பின்னாடி மட்டும்," என்று அடுத்த திருகைத் திறந்தாள். அதற்கும் கிடுகிடுத்தன. அப்பாடா என்று பாலை இறக்கினேன். பிறகு இரண்டையும் ஒன்றாகத் திறந்தாள் போலிருக்கிறது. 'டும்' வர வேண்டிய இடத்தில், கொசு தும்மியது மாதிரி ஒரு சத்தம். பழைய வண்டோ இரண்டு மடங்கு கொழுத்துத் திரும்பி வந்திருந்தது.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. சண்டை கேட்டாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

போய்ப் பார்த்தால், அவள் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, ஆனால் வருகிற வழியில் இருந்தது. இஸ்திரி மூலையில் நின்றார்.

"புது பிக்கப்பே கெட்டதா இருக்குமோ?" என்றார் அவர்.

"பேசாதீங்க."

"இல்ல தம்பி," என்றேன். "தனித்தனியா ரெண்டும் என் டம்ளரை ஆட்டுது. சேர்ந்தா ஒண்ணுகூட அசையல. அது எப்படி? ஒண்ணை ஒண்ணு அமுக்குதா?"

டும்டும் தலையைத் தூக்கினாள். "இன்னொரு தரம் சொல்லுங்கக்கா."

சொன்னேன். ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் சொல்ல யார் கேட்டாலும் நான் மறுத்ததில்லை.

"ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது," என்றாள் அவள், தனக்குத்தானே. "ஒண்ணோட வயரை மட்டும் தலைகீழா மாத்தி மாட்டிட்டேன். அதான் பாட்டு அடிபட்டுப் போயி, வண்டு மட்டும் மிஞ்சுது."

ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நறுக்கிய வயர் மயிரிழை அளவுக்குக் குட்டை. இழுத்துப் பிடித்தால்தான் எட்டும், கை நடுங்கினால் நழுவும். அவளுக்கு ஒரு கையில் அயர்ன், மறு கையில் ஈயம்.

"நான் பிடிக்கிறேன்," என்றார் இஸ்திரி.

"நீங்க பிடிச்ச லட்சணம்தான் தெரிஞ்சுதே!"

சொன்னாளே தவிர நகர்ந்து இடம் விட்டாள். அவர் புருவம் பிடுங்கும் இடுக்கியால் வயரைக் கவ்வி, ஒட்ட வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். நானும் பார்த்தேன், அந்தக் கை கல்லில் செதுக்கியது மாதிரி நின்றது. புகை முகத்தில் அடித்தது. ஒரு சொட்டு ஈயம் கட்டைவிரலில் விழுந்தது. மனிதர் பல்லைக் கடித்தாரே ஒழிய இடுக்கியை விடவில்லை. ஈயம் இறுகியதும், "விடலாம்," என்றாள். அதற்குப் பிறகுதான் ஐயோ அம்மா என்று குழாயடிக்கு ஓடினார்.

இரண்டையும் முழுசாகத் திறந்தாள். வண்டு இல்லை. தந்தியைத் தொட்டாள். என் வீட்டில் என்ன ஆடியது என்று பார்க்க ஆளில்லை, நான்தான் இங்கே இருந்தேனே. அவர்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி பதில் சொன்னது.

"வந்துருச்சு பாருங்க," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈயப் புகை வாசம் அடிக்கிற கை. ஊதி ஊதி விரலை ஆற்றிக்கொண்டே வந்த இஸ்திரி, "ஒண்ணுக்கொண்ணு ஒரே நீளம், கவனிச்சியா?" என்றார். அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சுவர் வழியாகக்கூட.

சாயங்காலம் எங்கள் குடியிருப்பே கிளம்பி டிப்போ மண்டபத்துக்குப் போனது. இலவசமாக ஒரு பரிதாபம் பார்க்கலாம் என்று வந்தவர்களும் உண்டு. முதல் மாடிக்காரியின் பெயரை நான் சொல்லவில்லை. டும்டும் கிட்டாரைச் செருகினாள். டிரம்ஸ்காரர் வண்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டியிடம் குனிந்தார்.

"ஆன் பண்ணலையாம்மா?"

அவள் ஒரே ஒரு தந்தியைத் தட்டினாள். குனிந்திருந்த மனிதர் துள்ளி நிமிர்ந்தார். கீபோர்டு தம்பி சத்தமில்லாமல் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"யார் மாட்டிக் குடுத்தது?" என்றார் டிரம்ஸ்காரர்.

"எங்க வீட்லதான்," என்றாள்.

முன் வரிசையில் இஸ்திரி, கட்டுப் போட்ட கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கத்துக்காரரிடம், "வயர் நறுக்கினது நான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்துக்காரரிடம் நூல் பிடித்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டின் நடுவே, ஒத்திகையில் இல்லாத ஒன்று நடந்தது. டிரம்ஸ்காரர் இரண்டு குச்சியையும் உயரே தூக்கினார். மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். அவர் தலையை அவள் பக்கம் ஆட்டினார்: வாசி. மண்டபம் முழுக்க அவள் ஒருத்தியின் நாலு தந்தி மட்டும். நாற்காலிக் கால் வழியாக அது என் முதுகுத்தண்டில் ஏறியது. முதல் மாடிக்காரிதான் முதலில் எழுந்து விசிலடித்தாள். அப்புறம் நாங்கள் எல்லாரும். "எங்க டும்டும்! எங்க குடியிருப்பு!" என்று போட்ட கூச்சலில், அவள் வாசித்தது யார் காதிலும் விழவில்லை.

அவள் கையை நிறுத்தாமலே எங்களை ஒரு முறை முறைத்தாள்.

எல்லாரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம்.