கறிரொட்டிக்கு அளவு கிடையாது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும், லீவுக் கடிதம் கொடுக்க வந்திருந்த ஜெயராணி சொல்லக் கேட்டு எடுத்துக்கொண்டது. நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவள் கணக்கு, நான் தமிழ். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க கயல் டீச்சர். ஆனா அவர பாவமாக் காட்டாதீங்க."

அந்த ஒரு நிபந்தனையில் இரண்டு தொடக்கங்கள் போயின.

பக்கவாதம் வந்த எட்டு மாதங்களில் அன்புமணி ஒரு வார்த்தைகூட—

(இது பாவம். அடித்துவிட்டேன்.)

அலைகளின் மேல் ஆடும் சமையலறையில், நெருப்பையும் கடலையும் ஒருசேர—

(இது பொய். நான் கப்பல் ஏறியதே இல்லை.)

மூன்றாவது தொடக்கம் கீழே. அதில் கறி மட்டும்தான் இருக்கிறது.

2

ஜெயராணியின் கணவர் அன்புமணி சரக்குக் கப்பலில் சமையல்காரர். இருபத்திரண்டு வருஷம். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் கடலூர் முதுநகரில் வீடு. லீவில் வரும்போதெல்லாம் ஒன்று செய்வார். கொத்துக்கறியோடு பாலில் ஊறிய ரொட்டி, முட்டை, வெங்காயம் எல்லாம் போட்டுப் பிசைந்து, நீளமான டின்னில் அமுக்கி வேகவைப்பார். கேக் மாதிரி துண்டு போட்டுச் சாப்பிடுவார்கள். கப்பலில் அதற்குப் பெயர் மீட்லோஃப். வீட்டில் கறிரொட்டி.

அளவு கேட்டால் சிரிப்பார். "அளவெல்லாம் இல்ல ராணி. எந்த ஊர்ல எந்தக் கறிய ஏத்துவானுங்கன்னே தெரியாது. தொட்டுப் பாத்தா கைக்குத் தெரிஞ்சிடும்."

(கணக்கு டீச்சருக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.)

போன வருஷம் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஸ்ட்ரோக் வந்து விழுந்தார். வீட்டுக்கு வந்தபோது வலது கை தூக்க வரவில்லை. பேச்சும் இல்லை. நாம் பேசினால் புரியும், பதில் மட்டும் வராது. வாயைத் திறப்பார், காற்று வரும். கோபத்தில் தலையணையை அறைவார். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், "கேள்வி கேட்டுக் கேட்டு சோதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பள்ளி நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நாள் இருந்தார்கள், போனார்கள். கடைசியில் மேல்பட்டாம்பாக்கத்திலிருக்கும் அவர் தம்பி ராஜவேல் போன் செய்தார்.

"நான் அழைச்சிகிட்டுப் போறேன் அண்ணி. எங்க வீட்ல எப்பவும் ஆள் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை கார் வருவதாக முடிவாயிற்று. ஜெயராணி அதை அன்புமணியிடம் சொன்னாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

* அன்றைக்கு அழுதாயா என்று பஸ்ஸில் கேட்டேன். "அதையெல்லாம் எழுதணுமா?" என்றாள். எழுதவில்லை.

3

சனிக்கிழமை காலை ஒரு கிலோ கொத்துக்கறி வாங்கி வந்தாள். போகும் முன் அவருக்குக் கறிரொட்டி செய்துகொடுத்துவிட வேண்டும்.

பாதிக் கறியை யூட்யூபில் பார்த்த அளவுப்படி, கிராம் கிராமாக நிறுத்துச் செய்தாள். வெந்ததும் கத்தி படுவதற்கு முன்பே உதிர்ந்து கொட்டியது. மீதிக் கறியைக் குண்டானில் போட்டுக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தபோது பின்னால் தடியின் சத்தம். அன்புமணி ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்து வந்திருந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டார். தடி கீழே விழுந்தது. இடது கையைக் குண்டானுக்குள் விட்டார்.

"என்னங்க, கை கழுவல—"

அவர் கேட்கவில்லை. ஒரு உருண்டை எடுத்தார், அமுக்கினார், விரிசல் விடுவதைப் பார்த்தார். பால் டம்ளரை மணிக்கட்டால் அவள் பக்கம் தள்ளினார்.

"பாலா? எவ்ளோ?"

கேட்டபிறகுதான் கேட்கக் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர் வாய் திறந்தது. காற்று. ஆனால் இந்தத் தடவை எதையும் அறையவில்லை. கையைக் கறிக்குள்ளேயே வைத்திருந்தார். அவள் கொஞ்சமாக ஊற்றினாள். அவருடைய ஆள்காட்டி விரல் மேலே எழும்பியது. நிறுத்தினாள். ரொட்டி போட்டாள், விரல் எழும்பியது. மிளகைத் தூவினாள். மோந்து பார்த்தார், விரல் எழும்பவில்லை. இன்னும் தூவினாள்.

நான் நகர முடியாமல் நிற்கும் இடம் இது. இருபத்திரண்டு வருஷமாகப் பிசைந்தது வலது கை. உள்ளே போனது இடது கை. அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? மூளையில் சொல் இருந்த இடம் இருண்டு கிடப்பதை டாக்டர் படத்தில் காட்டினாராம். அந்தப் படத்தில் கறிரொட்டி எங்கே இருந்தது? தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். சொல் போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று நம்பி வந்தவள். இப்போது அந்த நம்பிக்கையை என்ன—

(விட்டுவிடுகிறேன். கறி அடுப்பில் ஏற வேண்டும்.)

4

அவர்கள் வீட்டில் ஓவன் இல்லை. கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் டின்னை வைத்து மூடினாள். ஒரு மணி நேரம் இருவரும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

திறந்து, தட்டில் கவிழ்த்தாள். உடையாமல் முழுசாக நின்றது. அவசரமாகக் கத்தியை எடுத்தாள்.

"இரு."

"டிவின்னு நெனச்சேன் டீச்சர். டிவி ஓடவே இல்ல" என்றாள் என்னிடம்.

திரும்பினாள். அன்புமணி இடது கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

சூட்டோடு வெட்டினால் உதிரும், பத்து நிமிஷம் விட வேண்டும். ஒரு சமையல்காரர் அதைத்தான் சொன்னார். ஆனால் தமிழில் அந்தச் சொல் பொறுக்கவும் சொல்லும், போகாதே என்றும் சொல்லும். வருஷத்தில் ஒன்பது மாதம் பிரிந்திருந்தவர், மறுநாள் பிரியப்போகிறவர். இதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். லீவு விஷயமாக அவள் பள்ளிக்கு வந்த இன்னொரு நாள், பஸ்ஸில் ஜெயராணி படித்துப் பார்த்தாள்.

"அது கத்திக்குச் சொன்னது டீச்சர். பெருசாக்காதீங்க."

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். புதுச்சத்திரம் தாண்டி, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆனா எனக்கு வேற மாதிரிதான் கேட்டுச்சி."

ஞாயிற்றுக்கிழமை ராஜவேல் வந்தார். நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டார். பை எங்கே என்று கேட்டார்.

"இப்ப வேணாம் தம்பி. ரெண்டு மாசம் லீவு போடறேன்."

"அப்பறம்?"

"தெரியல. அவுரு பேசனாரு."

"அண்ணனா? என்னா பேசனாரு?"

அவள் அவர் தட்டில் மூன்றாவது துண்டை வைத்தாள். கார் காலியாகத் திரும்பிப் போனது.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அன்புமணி மெல்ல மெல்லப் பேசிவிடுகிறார். இன்னொன்றில் அந்த ஒரு சொல்லே கடைசி. நடந்தது இரண்டும் இல்லை. லீவு இன்னும் முடியவில்லை, அடுத்த சொல் இன்னும் வரவில்லை.

போன சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் குண்டான் தயாராக இருந்தது. ஓரமாக நின்று பார்க்கலாம் என்றுதான் போனேன். அன்புமணி என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கையைக் கறிக்குள் வைத்தார். சில்லென்றிருந்தது. ரொட்டி எங்கே முடிகிறது, கறி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஜெயராணி பால் டம்ளரைச் சாய்த்தாள். பால் விரலிடுக்கில் இறங்கியது. அவர் தன் கையை வெளியே எடுத்துக்கொண்டார். இருவரும் என் விரலையே பார்த்தார்கள்.

உள்ளே ஏதோ மாறியது. இறுகவில்லை, இளகவும் இல்லை, அதற்கு—

(சொல் இல்லை. எனக்கும்.)

போதுமா, இன்னும் கொஞ்சமா? பால் இறங்கிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கையைக் கொடுங்கள்.