யாரும் ஏறாத வண்டி

1
இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் வந்தது. சிறையில் இருப்பவர்களுக்கு வாரத்துக்குப் பத்து நிமிடம் பேச்சு. அதில் நான்கு நிமிடத்தை மஹ்லகா சிரித்தே தீர்த்தாள். மீதி ஆறை வைத்துக்கொண்டு நான் முழிக்கிறேன்.

ஈரானின் ரஷ்த் நகருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடம். எங்கள் வீட்டு மேல்மாடியில் திரைச்சீலை தைப்பவள் மஹ்லகா. எடுத்தவுடன் மிரட்டினாள்: "அழுமூஞ்சிக் கதையா எழுதினே, உனக்குத் தைச்ச திரையெல்லாம் வந்து பிரிச்சுப் போட்டுருவேன்டி."

2
முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு—" ரஷ்த்தில் மழை ஒரு செய்தியா? கோடு போட்டு அடித்தேன்.

அடுத்தது: "மதத்தின் பெயரால் ஆள்பவர்களின் இரும்புப் பிடியில்—" மஹ்லகா கொட்டாவி விடுவாள்.

காலை பதினொரு மணிக்கு, மீன் சந்தை முன்னால், ஒழுக்கக் காவலர் வண்டியின் கதவு திறந்தது. இது இருக்கட்டும்.

3
தலைத்துணி போடாமல் பிடிபட்டவர்கள் எட்டுப் பேர். மஹ்லகா போன மாதம்தான் இனிமேல் இப்படி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இந்த முறை ஏறினால் ஒரு வருடம் உள்ளே.

"ஏறுங்க," என்றார் அதிகாரி யதொல்லா.

வாசல் என்று ஒன்றைக் கண்டால் இந்த ஊரில் யாரும் சும்மா நுழைவதில்லை; அடுத்தவரை முதலில் போகச் சொல்லி உபசரிப்பார்கள், அவர் மறுப்பார், அதுதான் மரியாதை. மஹ்லகா பின்னால் திரும்பினாள். மருந்துக் கடை தாவூஸ் நின்றிருந்தாள். வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"நீங்க முதல்ல."

"ஐயோ, உங்களுக்கு முன்னாலயா? உடம்பு கூசுது."

"வயசுல பெரியவங்க நீங்க."

"யாரைடி கிழவிங்கறே?"

(இதை ஒரு திட்டமாக எழுதினால் மஹ்லகா பெரிய போராளி ஆகிவிடுவாள். எனக்கு ஆசைதான். "திட்டமாவது மண்ணாவது, வாயில வந்துச்சு" என்கிறாள்.)

யதொல்லா கத்தினார். தாவூஸ் அவர் பக்கம் பணிவாகத் திரும்பினாள்.

"சார் நிக்கும்போது நாங்க ஏறுறதா? நீங்க முதல்ல ஏறுங்க."

யதொல்லாவின் கை மரியாதை காட்டத் தானாக நெஞ்சுக்குப் போனது. "ஐயய்யோ, அதெல்லாம் வேணாங்க. நீங்க ஏறுங்க, உங்களுக்குப் பின்னாலதான் நான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மீன் விற்கும் பெண்கள் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு வந்து நின்றார்கள். "நாங்களும் வர்றோம். ஆனா இவங்க முதல்ல." அரைமணியில் வரிசை அறுபது பேர். வண்டிக்குள் ஒருத்திகூட இல்லை. மஹ்லகாவின் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லையாம். கேட்ட எனக்கே கால் தரையில் பாவவில்லை.

4
இரண்டாவது வண்டி வந்தது. அதிலிருந்து தடியோடு இறங்கியவர்கள் யாரையும் உபசரிக்கவில்லை. தாவூஸின் கை முறிந்தது.*

* மூன்று முறை அடித்த வாக்கியம் இது. மஹ்லகாவே சொன்னாள்: "அதையும் போடு. ஆனா கட்டுப் போட வந்த டாக்டர்கிட்டயும் 'நீங்க முதல்ல உக்காருங்க'ன்னாளாம், அதையும் சேர்த்துப் போடு."

5
முடிவுகள். ஒன்று: வண்டி காலியாகத் திரும்பிப் போகிறது. பொய், ஆனால் அழகு. இரண்டு: யதொல்லா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். போனாரா என்ன? ஒரு கணம் நெஞ்சில் கை வைத்தவர், அவ்வளவுதான்.

மூன்றாவது, உண்மை. அதை மஹ்லகாவிடமே கேட்டேன்: "கடைசியில நீ எப்படித்தான்டி ஏறினே?"

"அதைத்தான் சொல்ல வர்றேன், கேளு—"

நேரம் முடியப்போகிறது என்று மணி ஒலித்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பெண்குரல்: "என் முறையையும் நீங்களே எடுத்துக்குங்க."

"ஐயோ, உங்க பொண்ணு காத்திருப்பா."

"பரவாயில்ல, பேசுங்க."

"மாட்டவே மாட்டேன். நீங்க முதல்ல."

"என் மேல ஆணை, நீங்க."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மறுத்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு அறுந்தது.

6
ஆக, அவள் ஏறிய வாக்கியம் என்னிடம் இல்லை. நானாக எழுதவும் மாட்டேன். எழுதாதவரை அவள் பட்டப்பகலில், மழையில் நனைந்த தலையோடு, தெருவில் நிற்கிறாள்.

ஆனாலும் கதை என்றால் யாராவது முடிக்கத்தானே வேண்டும்? வாசகரே, இந்தாருங்கள் பேனா. எனக்கு முன்னால் நீங்கள்தான். தயவுசெய்து வாங்கிக்கொள்ளாதீர்கள். "ஐயோ, நீங்கள் முதலில்" என்று சொல்லுங்கள். நான் மறுப்பேன். நீங்களும் விடாதீர்கள். அவளுடைய ஒரு வருடம் ஓடிவிடும்.