லஞ்சம் வாங்கத் தெரியாத நடிகன்

ரோமிலிருந்து வந்த டைரக்டர் திரோண்டி, நகராட்சிக் கட்டடத்தில் படமெடுக்க அனுமதி கேட்டபோது, "உங்க ஊரோட பெருமையைச் சொல்ற கதைங்க" என்றுதான் மேயர் பெர்தூச்சியிடம் கையெழுத்து வாங்கினார். அது லஞ்சம் வாங்கும் மேயரின் கதை என்பது மூன்றாம் நாள்தான் பெர்தூச்சிக்குத் தெரிந்தது. அதற்குள் ஊரில் பாதிப்பேர் துணை நடிகர்களாகச் சேர்ந்து, தினம் வறுத்த பன்றியும் ஒயினுமாக வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்தலோ வசந்தத்தில். இப்போது போய் நிறுத்தினால் ஓட்டு விழுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, தன் சொந்த அறையிலேயே ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

அவருடைய மேசையில் மேயராக உட்கார்ந்திருந்தவன் கலிஸ்தோ என்ற நடிகன். ஒப்பந்தக்காரர் வேஷக்காரன் பண உறையை நீட்டியதும் கலிஸ்தோ இரண்டு கையாலும் பிடுங்கினான். உள்ளே எட்டிப் பார்த்து, கண்ணை உருட்டிச் சிரித்தான். ஏழு தடவை எடுத்தார்கள். ஏழு தடவையும் அதே பிடுங்கல்.

பெர்தூச்சியால் பொறுக்க முடியவில்லை.

"யோவ், இப்படி வாங்கினா ஒரே வாரத்துல உள்ள போயிருவய்யா! எந்திரி, தள்ளு."

"கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன், மேயர் ஐயா" என்றார் திரோண்டி, காமிராக்காரருக்குக் கண்ணைக் காட்டியபடி.

"உறையைத் தொடவே கூடாது. முதல்ல வந்தவனோட அம்மாவுக்கு உடம்பு எப்படின்னு கேக்கணும். இழுப்பறையை லேசாத் திறந்துவச்சிட்டு, ஜன்னலாண்ட போயி, 'என்னப்பா, மூட்டமா இருக்கே'ன்னு வானத்தைப் பாக்கணும். உள்ள விழுந்த சத்தம் கேட்டுச்சா? திரும்பி வந்து முட்டியால மூடணும். கையால இல்ல, முட்டியால! அப்புறம் மாதா படத்தைப் பாத்து ஒரு பெருமூச்சு. ஊருக்கு உழைக்கிற அலுப்பு!"

சொன்னதோடு நிற்காமல் முழுவதையும் செய்தும் காட்டினார். அறையே வாயைப் பிளந்து நின்றது.

திரோண்டி அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் பெர்தூச்சி வக்கீலிடம் ஓடினார்.

"நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே அதுக்கும் சம்மதம் இருக்கே. படிக்கலையா?"

"பதினோரு வருஷமா மேயரா இருக்கேன். என்னைக்கு நான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

ஊர்க் கொட்டகையில் படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி வரிசையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. விளக்கு எரிந்தபோது, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரைத் திருடன் என்று சொல்லிவந்த கம்யூனிஸ்ட் நாவிதர் நெல்லோ பாய்ந்து வந்து கட்டிக்கொண்டார்.

"ரோமாபுரி நடிகனையே தூக்கிச் சாப்டுட்டியேய்யா!"

பெர்தூச்சிக்கு வெட்கப்படுவதா, வணக்கம் சொல்வதா என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

வசந்தத்தில் முப்பத்தொரு ஓட்டில் தோற்றார். யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. "இவ்வளவு பெரிய நடிகரைப் போயி மேயரா வச்சு வீணாக்கலாமா?" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஜூனில் திரோண்டியிடமிருந்து தந்தி வந்தது: அடுத்த படத்தில் பிஷப் வேஷம்.

பெர்தூச்சி கவலையோடு மனைவி எர்சீலியாவிடம் காட்டினார். "பிஷப்மாரு எப்படி வாங்குவாங்கன்னு எனக்குத் தெரியாதேடி. பங்குச்சாமியாரைக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"சும்மா இருங்க. அப்புறம் அவரே நடிக்கக் கிளம்பிருவாரு" என்று சொல்லிவிட்டு, எர்சீலியா அவருடைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.