ஒரு சாண் பிசிறு

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடிய மறுநாளிலிருந்து வட்டத் தெருவின் பன்னிரண்டு வீடுகளும் பாட ஆரம்பித்தன. பாட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீடும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ராப்பகலாக ரீங்கரித்தது. தண்ணீர் வருகிறதல்லவா, அப்புறமென்ன என்று குடிநீர் அலுவலகத்தில் கேட்டார்கள். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது என்பதால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளின் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில் தெருவுக்கே பல் கூசியது, நல்ல தம்பதிகள்கூட உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் சண்டை போட்டார்கள். முதல் வீட்டில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பெண் இருந்தாள். பியானோவைச் சேர்ப்பவளுக்கு வீட்டைச் சேர்க்கத் தெரியாதா என்று எல்லோரும் அவள் வாசலில் போய் நின்றார்கள்.

சுருதிக்காரி தன் வீட்டை ச-வாக வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டை அதன் ப-வாக்கினாள். அதற்கடுத்ததை இரண்டாம் வீட்டின் ப-வாக்கினாள். இப்படியே அலமாரிகளை நகர்த்தியும் தொட்டித் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தும் பன்னிரண்டாம் வீடு வரை வந்தாள். மயிரிழைகூடப் பிசகாத சுருதி. ஆனால் வட்டம் முடிகிற இடத்தில், பன்னிரண்டாம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுவாக இருந்த சுவர் இரண்டாகப் பிரிந்து ஒரு சாண் அகலத்துக்குத் திறந்துகொண்டது. பன்னிரண்டாம் வீட்டில் இருந்தவள் அவளுடைய தங்கை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, "அக்கா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். அன்று அவள் வாய் அசைந்தது, குரல் அக்காவிடம் வரவில்லை. அப்படியே இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. வாரம் முடிவதற்குள், எங்கே நின்று பேசினாலும் குரல் அங்கேதான் போய் விழுந்தது. மாதக் கடைசிக்குள் பேச்சு திரும்பாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக நிலைய மேலாளர் வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். தங்கை அதற்குப் பிறகும் தினமும் ஜன்னலைத் திறந்து வாயசைத்தாள். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை.

கொத்தனார் வந்து எட்டுச் சட்டி கலவையைக் கொட்டினார். விழுந்த சத்தம்கூட வரவில்லை. தன் காதில்தான் கோளாறு என்று நினைத்துச் சுருதிக்காரி எல்லா வீடுகளையும் மறுபடி சேர்த்தாள். இடைவெளி அதே ஒரு சாண். கடைசியில் மொட்டைமாடிக்குப் போய், துணி காயப்போடும் கயிற்றை ஆணியில் கட்டி, சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டாள். முழுச் சுற்று என்றால் ச-விலிருந்து மேல் ச. ச-விலிருந்து ப என்றால் பாதிச் சுற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த நீளத்துக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, வீட்டுக்கு ஒரு கோடாக இழுத்துக்கொண்டே போனாள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நட்சத்திரமாக விரிந்தன. புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரவேண்டிய பன்னிரண்டாவது கோடு அதைத் தாண்டிப் போய் நின்றது. கையை விரித்து அளந்தாள். ஒரு சாண். அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. தப்பு அவள் மேலும் இல்லை, தங்கை மேலும் இல்லை; எல்லா வீடும் சுத்தமாக இருந்தால் வட்டம் மூடாது, அவ்வளவுதான். சாணுக்குப் பன்னிரண்டு விரல். வீடும் பன்னிரண்டு. வெயிலில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு ஒரு விரல் பிசிறைத் தாங்கிக்கொள்ளும்படி வாசல் வாசலாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் சரி என்றார்கள், ஏழாம் வீட்டுக்காரரைத் தவிர. அவர் ஓய்வுபெற்ற எடைக்கல் ஆய்வாளர். தெருவில் அவருக்குக் கறார் என்றே பெயர். "சர்வீஸ்ல ஒரு குந்துமணி விட்டுக்கொடுத்ததில்லம்மா. இப்ப வந்து வீட்டையே கோணலாக்கச் சொல்றியே?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் வெளியூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பிப் பேருந்து நிலையத்துக்குப் போனார். அங்கே அறிவிப்பே இல்லை. அசட்டுத் தைரியத்தில் ஏதோ ஒரு பேருந்தில் ஏறி உட்கார்ந்து தூங்கிப்போய், கடற்கரையில் இறங்கினார். திரும்பி வந்தவர் செருப்பிலிருந்த மணலைக்கூடத் தட்டாமல் நேரே சுருதிக்காரி வீட்டுக்கு வந்தார். "ஒரு விரல்தானே? எடுத்துக்கோம்மா. அந்தப் பொண்ணு குரல் இருந்த வரைக்கும், அப்படி ஒண்ணு இருக்குன்னே நான் நெனச்சுப் பாக்கல."

அன்று மாலைக்குள் பன்னிரண்டு வீட்டு அலமாரிகளும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தன. சுவர் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது. உள்ளே விழுந்ததெல்லாம் விழுந்த வரிசையிலேயே மேலே வந்தது, கொத்தனாரின் கலவையைத் தவிர. "அக்கா, சாப்டியா?" என்றது முதல் நாளின் குரல். அடுத்து இரண்டாம் நாளுடையது, அதற்கடுத்த நாளுடையது. சுருதிக்காரி ஜன்னலருகே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் ஒவ்வொன்றுக்கும், "சாப்டேன்டி" என்று பதில் சொன்னாள். தங்கை மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள்.

வட்டத் தெரு வீடுகள் இன்றைக்கும் பாடுகின்றன, எல்லாச் சுவரிலும் லேசாக ஒரு நடுக்கத்தோடு. காது நுட்பமான விருந்தாளிகள் சிலர், "சுருதி கொஞ்சம் பிசிறு தட்டுதே, சரி பண்ணக் கூடாதா?" என்று கேட்பதுண்டு. அது எங்கள் வீட்டு விரல் என்று சொல்லி உட்காரச் சொல்வார்கள். கறார் மட்டும் எழுந்துபோய்ச் சுவரை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு வந்து உட்காருவார்.