வில்மாவின் நாலங்குலப் புல்

உதவி செய்ய வந்து நிற்பவனை எப்படி விரட்டுவது என்று அமெரிக்காவின் ஒஹையோவில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வில்மா கோடை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு அதுதான் காரணம்.

மே மாதம் அவளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள், பக்கத்து வீட்டு லாய்ட் தன் புல்வெட்டும் வண்டியில் ஏறி அவள் வீட்டுப் புல்லையும் வெட்டிவிட்டான். நன்றிக்கு வாழைப்பழ ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அங்கேதான் தப்பு. அவன் சனிக்கிழமைதோறும் வெட்டினான். அவளும் சனிக்கிழமைதோறும் சுட்டாள். தன் புல்லைக் கெடுக்கத் தானே கூலி கொடுத்த கதையாகிவிட்டது.

ஆம், கெடுக்கத்தான். லாய்ட் ரெண்டு அங்குலத்துக்கு ஒட்ட வெட்டுகிற ஆள். வில்மா முப்பது வருடமாக நாலுக்குக் கீழே இறங்கியதில்லை. புல் உயரமாக நின்றால்தான் வேரில் ஈரம் தங்கும், களை தலைதூக்காது. லாய்ட் தன் புல்லுக்குத் தினமும் தண்ணீர் தெளித்துச் சமாளித்தான். அவளுடையது ஜூலை வெயிலில் திட்டுத்திட்டாகக் கருகியது.

அந்த நேரம் பார்த்து மகன் கர்டிஸ் வந்தான்.

"புல்லையே உன்னால பாத்துக்க முடியலையேம்மா, வீட்டை எப்படிப் பாத்துப்ப?" என்றான். வீட்டை விற்றுவிட்டு அவள் முதியோர் குடியிருப்பில் சேர்ந்துவிட வேண்டுமாம். அடுத்த மாதம் கையெழுத்து வாங்கத் தாள்களோடு வருவதாகச் சொல்லிப் போனான். வில்மாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எவனோ கருக்கிய புல்லுக்கு அவள் வீட்டைக் கொடுக்க வேண்டுமா?

நல்ல வேளையாக லாய்ட் மூன்று வாரம் ஏரிக்கு மீன்பிடிக்கப் போனான். மழை பெய்தது. புல் பச்சை பிடித்து அரையடிக்கு எழும்பியது. டாக்டரும் நன்றாக நடக்கச் சொல்லிவிட்டார்.

கர்டிஸ் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை, ஊர் திரும்பிய லாய்ட் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு எல்லை தாண்டினான். புல்லின் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு வில்மா உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க வில்மா. நட்டநடுவுல இருக்கீங்களே."

"தெரிஞ்சுதான் இருக்கேன். திரும்பிப் போங்க லாய்ட். இனிமே நானே வெட்டிக்கிறேன்."

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா? நான் நல்லதுதானே செஞ்சேன்!"

"நல்லதுதான் செஞ்சீங்க. என் புல்லை மொட்டையடிச்சுட்டீங்க. போதும்."

லாய்டின் முகம் சுண்டிப்போனது. பாவம்தான், அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அப்போ ரொட்டியும் கிடையாதா?"

"கிறிஸ்துமஸுக்குத் தரேன்."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வில்மா கொட்டகையிலிருந்து கையால் தள்ளிப் புல் வெட்டும் தன் பழைய இயந்திரத்தை இழுத்து வந்து, கத்தியை நாலு அங்குலத்தில் வைத்தாள். கயிற்றை மூன்றாம் தடவை இழுத்தபோது அது கிளம்பியது. நேர்க்கோட்டில் ஒரு வரிசை, திரும்பி ஒரு வரிசை. பாதி முடிந்திருந்தபோது கர்டிஸின் கார் வந்து நின்றது.

"அம்மா! என்ன பண்ற நீ? விடு, நான் வெட்டறேன்."

"தள்ளி நில்லு. காலை வெட்டிடப்போகுது."

இன்னும் ரெண்டு வரிசை போனாள். இடுப்பு சுரீர் என்றது. இயந்திரத்தை நின்ற இடத்திலேயே அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அதான் சொன்னேன். மிச்சத்தை நான் முடிச்சுடறேன். தெருவே பாக்குதும்மா!"

பார்க்கத்தான் செய்தது. அந்தத் தெருவில் புல்லைப் பாதியில் விடுவது, பாதி முகம் மழித்துக்கொண்டு வெளியே போவதற்குச் சமம். எதிர்வீட்டில் திரை விலகியது. வில்மா அந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"பாக்கட்டும். இன்னிக்குப் பாதி, நாளைக்கு மீதி. நாளைக்கு முடியலன்னா நாளன்னிக்கு. எம் புல்லு, எப்போ வேணா வெட்டுவேன்."

கர்டிஸ் கக்கத்தில் தாள்களோடு நின்றான். "அப்போ இந்தக் கையெழுத்து?"

"எனக்கெங்கடா நேரம்?" என்றாள் வில்மா. "புல்லு பாதி கெடக்கே."