எவரிஸ்தோவின் நெஞ்சில் சேர்ந்த கோல்

சான் எலியாஸ் அணி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போட்ட கோலை, புதன்கிழமை காலையிலும் எவரிஸ்தோ பல்லெஸ்தாஸ் ஒரே மூச்சில் அறிவித்துக்கொண்டிருந்தார். 'கோ' என்று ஆரம்பித்தது ஞாயிறன்று. மிச்சமெல்லாம் 'ஓ'தான். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து கிளம்பி, சந்தையைத் தாண்டி, படகுத்துறையைத் தாண்டி அது கடலுக்குள் போனது. திங்களன்று மீன் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மீனவர்கள் சொன்னார்கள்.

காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வர்ணனை மைக் எவரிஸ்தோவின் கைக்கு வந்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்தில் சொந்த மைதானத்தில் நம் அணி ஒரு கோலும் போட்டதில்லை. பந்து எதிராளியின் கம்பத்தை நெருங்கும்போதெல்லாம் அவர் அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்து வைப்பார். பந்து எங்கோ புதருக்குள் போகும். இழுத்ததை அவர் விட மாட்டார். கோலுக்கென்று எடுத்ததைப் பெருமூச்சாக வீணடிக்க அவருக்கு மனசு வராது. ஞாயிறு ஞாயிறாக இப்படிச் சேர்த்ததில் விலா எலும்புகள் சரிவு போய்ப் படுக்கை வாட்டில் நின்றுவிட்டன, மார்பு பீப்பாய் ஆனது. அவர் மனைவி ஒதிலியா வருஷாவருஷம் சட்டைத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் பட்டைத் துணி கொடுத்துத் தைத்தாள். "வாங்குறதோட சரி, குடுக்கறதே இல்ல. அப்படியே உங்கம்மா" என்பாள். சந்தை முனையில் முட்டை அரெபா, அதாவது உள்ளே முட்டை வைத்த சோள அடை, பொரித்து விற்பவள் அவள். மைதானத்துப் பக்கம் போனதே கிடையாது. "இருபத்திரண்டு கழுதைங்க ஒரு பந்தை விரட்டுறதை நான் எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்பாள்.

மலைநாட்டிலிருந்து ஒரு வருஷ கிராம சேவைக்கு வந்திருந்த டாக்டர் மாரிசெல் ஒருமுறை அவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தார். ஒரு படம் போதவில்லை, இரண்டைச் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் வலது நுரையீரலில் மூன்று மடல், இதயத்துக்கு இடம் விடுவதற்காக இடதில் இரண்டுதான். எவரிஸ்தோவுக்கு இடதிலும் மூன்றாவது முளைத்திருந்தது. இதயம் மரியாதையாக நகர்ந்து நடுவில் ஒண்டியிருந்தது. நுரையீரலின் உச்சி காறை எலும்பைத் தாண்டிக் காதுக்குக் கீழே வரை வந்திருந்தது. "உங்க குளிர் ஊர்ல இதெல்லாம் எங்க பாத்திருக்கப் போறீங்க டாக்டரம்மா" என்றாள் ஒதிலியா, கொஞ்சம் பெருமையாகவே.

அந்த ஞாயிறு லோமா வெர்தே அணியோடு ஆட்டம். நம் பின்வரிசையில் ஆடும் யெய்சோனின் பிட்டத்தில் பட்டுப் பந்து எதிராளியின் கம்பத்துக்குள் போனது. ஆஃப்சைடு என்று கோட்டு நடுவர் கொடியைத் தூக்கினார். நடுவர் விசிலை ஊதினார். அதற்குள் எவரிஸ்தோ ஆரம்பித்துவிட்டதால் விசில் ஒருவர் காதிலும் விழவில்லை. கேட்காத விசில் விசிலே இல்லை என்றது நம் ஊர். கொடி கொடிதான் என்றது லோமா வெர்தே. சத்தம் அடங்கியதும் முடிவு சொல்கிறேன் என்று நடுவர் திங்கள்கிழமைப் படகு வரை காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். கோல் அப்படியே அந்தரத்தில் நின்றது. ஊரின் முடிதிருத்துபவரும் அணித் தலைவருமான நிக்கானோர், வர்ணனைக் கூண்டின் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். "அவன் வாய் மூடினா கோல் போச்சு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

டாக்டர் தினமும் வந்து எவரிஸ்தோவின் வலது மார்பில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டிப் பார்த்தார். மேலே காலிப் பானைபோல ஒலித்தது; ஓரிடத்துக்குக் கீழே மந்தமானது. அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். திங்களன்று கோடு விலாக்கூட்டின் அடியில் இருந்தது. புதன் காலை மார்புக்காம்புக்கு மேலே வந்துவிட்டது.

"இது கல்லீரலோட மேல் ஓரம், ஒதிலியாக்கா. காத்து வெளிய போகப் போக உதரவிதானம் மேல ஏறும், கல்லீரலும் கூடவே ஏறும். எவ்வளவு ஊதினாலும் எல்லார் நுரையீரல்லயும் கடைசியா கொஞ்சம் காத்து தங்கும். பொறந்து முதல்ல அழுதோமே, அப்பவே தங்க ஆரம்பிச்சது. இவரு அதையும் எடுத்துக் குடுத்துருவாரு போல. அது போச்சுன்னா நனைஞ்ச பை மாதிரி உள்ளுக்குள்ள ஒட்டிக்கும். அப்புறம் திறக்காது."

"எப்ப?"

"மத்தியானத்துக்குள்ள."

மீன் பெட்டி ஐஸை முதுகில் கொட்டிப் பார்த்தார்கள். மூக்கில் மிளகுப் பொடி காட்டினார்கள். எவரிஸ்தோ அசையவில்லை. ஒதிலியா அவர் கண்ணைப் பார்த்தாள். நிறுத்த முடியாத கண் இல்லை அது, நிறுத்த மாட்டேன் என்கிற கண். அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. இந்த மனுஷன் இல்லாத வீட்டை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"ஒயரைப் புடுங்கப் போறேன், நகருங்க."

"தங்கச்சி, இதுக்காகத்தானே ஊரே காத்துக்கிட்டு கெடந்துச்சு" என்ற நிக்கானோரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"நானுந்தான் காத்துக்கிட்டு கெடந்தேன், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், சோத்தை ஆற வச்சுக்கிட்டு. அந்த மனுஷன் செத்தா கோலை யாரு தூக்கிப் பிடிப்பா? நீயா?"

நிக்கானோர் முக்காலியை நகர்த்தி வழி விட்டார். ஒதிலியா டாக்டர் பக்கம் திரும்பினாள். "இவருதான் கத்தணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

கூண்டுக்குள் போனாள். மைக்குக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கணவனின் 'ஓ'வைக் கொஞ்ச நேரம் கேட்டு, தன்னுடைய 'ஓ'வை அதன் ஓரமாகச் சேர்த்தாள். சுருதி சரியாக இல்லை. ஆனாலும் இடைவெளி விழவில்லை. விழாது என்று தெரிந்ததும் அவர் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

எவரிஸ்தோ மூக்கால் மூச்சை இழுத்தார். சந்தையின் தகரக் கூரைகள் ஒருமுறை மைதானத்துப் பக்கம் வளைந்து நிமிர்ந்தன. கொடியில் காய்ந்த துணியெல்லாம் கிளம்பி வந்து கூண்டின் கம்பியில் ஒட்டிக்கொண்டது, நிக்கானோரின் தொப்பியும் யார் வீட்டுக் கோழியோ ஒன்றும்கூட. வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல விலா எலும்புகள் இரண்டு பக்கமும் உயர்ந்தன. டாக்டர் ஓடிவந்து தட்டிப் பார்த்தார். மந்த ஒலி விலாக்கூட்டின் அடிக்கு இறங்கியிருந்தது. ஆறு வருஷம் படித்தவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"ஆஃப்சைடா?" என்று கேட்டார் எவரிஸ்தோ. ஒதிலியாவின் வாய் நிறையக் கோல் இருந்ததால் அவளால் திட்டக்கூட முடியவில்லை.

அவளிடமிருந்து நிக்கானோர் வாங்கிக்கொண்டார், அவரிடமிருந்து யெய்சோன். இப்போது வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறோம். பாதிரியார் அதன் மேலேயே பூசை வைக்கிறார். டாக்டர் மாரிசெல் ஊர் திரும்பும் முன் ஒரு காலை முழுக்கப் பிடித்துவிட்டுப் போனார். லோமா வெர்தேக்காரர்கள்கூடச் சந்தைக்கு வந்தால் அவசரத்துக்குக் கொஞ்சம் பிடித்துக்கொடுக்கிறார்கள், கொடி கொடிதான் என்று சொல்லிவிட்டு. வியாழக்கிழமைதோறும் காலை ஒதிலியாவின் முறை. எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றபடி, இன்னும் சுருதி சேராமல்தான் கத்துகிறாள். எவரிஸ்தோ பக்கத்தில் நாற்காலி போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, சும்மா மூச்சு வாங்கி மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அவள் கண் அந்த மார்பின் மேலேயே இருக்கும். அது ஏறி இறங்குகிறவரை அவளுக்குத் தொண்டை வலிப்பதில்லை.